சித்திக்கு ஒரு பாப் ஆர்ட் படம்: ஐந்துக்கு மூன்றரை

சித்திக்கு எழுபது வயது முடிகிறது, என்ன வாங்கலாம் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்க, போட்டோ அனுப்பினால் பாப் ஆர்ட்டாக மாற்றி கேன்வாஸில் பிரிண்ட் போட்டுத் தரும் ஆன்லைன் கடை ஒன்றில் நான் ஆர்டர் கொடுத்துவிட்டேன். 24க்கு 24 இன்ச், ஒரே முகம் நாலு கட்டத்தில் நாலு நிறத்தில், டெலிவரியோடு 5,200 ரூபாய். கடை பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

சித்தப்பா வெளியுறவுத் துறையில் இருந்தவர். ஜகார்த்தா, பெல்கிரேட் என்று அவரோடு வீடு மாற்றிக்கொண்டே, நாற்பது பேருக்கு விருந்து வைப்பது, வந்தவர்களின் பிள்ளைகள் வரை பெயர் சொல்லி விசாரிப்பது எல்லாம் சித்தியின் வேலை. சம்பளம் கிடையாது. அந்தக் கால ஆல்பத்தில் எந்தப் படத்தைத் திருப்பினாலும் ‘திருமதி’ போட்டு சித்தப்பா பெயர்தான் இருக்கிறது. அதனால் சித்தி தனியாக நிற்கிற ஒரே ஒரு படத்தைத் தேடி எடுத்தேன்: 1974, கறுப்பு வெள்ளை, ஃப்ளாஷ் நேராக முகத்தில் அடித்தது.

இந்த வேலைக்கு அப்படிப்பட்ட படம்தான் சரி. பாப் ஆர்ட் என்றாலே நினைவுக்கு வரும் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல், 1970களில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு போர்ட்ரெய்ட் போட்டபோது வைத்திருந்தது போலராய்டு பிக் ஷாட் என்ற பிளாஸ்டிக் கேமரா. ஃபோகஸ் ஒரே தூரம்தான், மூன்றடி சொச்சம், எடுப்பவரே முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ள வேண்டும். முகத்தில் வெள்ளை மேக்கப் அப்பி ஃப்ளாஷ் அடித்தால் சுருக்கமெல்லாம் மறைந்து கண்ணும் உதடும் மட்டும் மிஞ்சும், அதைப் பெரிதாக்கி சில்க் ஸ்கிரீனில் (மை வழியவிடும் மெல்லிய துணிச் சட்டம்) ஏற்றி, நிறம் பூசிய கேன்வாஸில் மை இழுப்பார்கள். 40 இன்ச் சதுரம், முதல் படத்துக்கு 25,000 டாலர். 1976இல் தெஹ்ரானுக்கே போய் ஈரான் அரசி ஃபரா பஹ்லவியையும் போலராய்டில் எடுத்து வந்தார்.

நம்ம கதைக்கு வருவோம். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. பார்த்தால் மூக்குத்தியைக் காணோம்! எட்டுக்கல் பேசரி, ஃப்ளாஷ் பட்டு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருந்ததை, ‘பழைய போட்டோல ஸ்கிராட்ச்னு நினைச்சு க்ளீன் பண்ணிட்டாங்க சார்’ என்றார்கள். சரி, திரும்ப வையுங்கள் என்றேன். வைத்தார்கள், இடது பக்கத்தில். மூன்றாவது தடவைதான் மூக்குத்தி அதன் இடத்துக்கு வந்தது, ஆனால் ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

பிரிண்ட் பளிச்சென்று இருக்கிறது, மரச்சட்டம் உறுதி. ஓரத்தை மடித்து ஒட்டியதில் கொண்டையில் வைத்த மல்லிகை பாதி பக்கவாட்டுக்குப் போய்விட்டது, ஆர்டர் செய்பவர்கள் ஓரத்துக்கு வெறும் நிறம் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் பெரிய குறை வேறு. வார்ஹோல் படங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி வழிந்திருக்கும், கண்ணுக்குப் பூசிய நீலம் கொஞ்சம் தள்ளி நிற்கும், அந்தக் கோணலில்தான் முகத்துக்கே உயிர். இங்கே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கோட்டுக்குள் அடைத்துவிட்டது. நிறத்தைக் கொஞ்சம் நகர்த்தி அடிக்க முடியுமா என்று கேட்டதற்கு, ‘மிஸ்பிரிண்ட் ஆயிடும் சார்’ என்று பதில்.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பச்சைப் பொட்டுக்குச் சிரித்தார். அப்புறம் புடவையில் விரல் வைத்து, ‘இது அரக்குடா. நாலு போட்டிருக்கான், ஒண்ணுலகூட அரக்கு இல்லையே’ என்றார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது யாருக்குத் தெரியும்?

ஒற்றைக் கட்டம், 12 இன்ச், 1,400 ரூபாயாம். அரக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் மெரூன் என்று புரிந்துகொள்ளாமல் இருக்கவேண்டும்.