லான்சியா அப்ரிலியா: முன்தூண் ஆயில் கசிவும் மற்றவையும்

முன் சஸ்பென்ஷனைப் பிரித்து மாட்டிய கையோடு எழுதுவதால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1937-இல் கொண்டுவந்த அப்ரிலியா காரில் முதல் வரிசையை வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு இது பதில். 1352 சிசி வி4 (வி வடிவில் நான்கு சிலிண்டர்) எஞ்சின் பற்றியெல்லாம் அவருக்கே தெரியும்.

எரிச்சல் ஒன்றுதான்: முன்சக்கரத் தூண். 1922-இன் லாம்டா காரிலிருந்தே லான்சியா விடாமல் பிடித்துக்கொண்ட ஏற்பாடு. காயில் ஸ்பிரிங், டேம்பர் (துள்ளலை அடக்குவது), ஆயில் மூன்றும் ஒரே கூட்டுக்குள். சக்கரம் தூணோடு நேராக ஏறி இறங்கும். பள்ளத்தில் விழுந்தாலும் சக்கரம் சாயாது, அழகுதான். ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பக்கவாட்டு அழுத்தம் முழுக்கத் தூணுக்கும், அது வழுக்கி ஓடும் புஷ் என்ற உள்ளுறைக்கும் போகிறது. புஷ் ஒருபக்கமாகத் தேயும். தூணில் புள்ளியளவு துரு இருந்தாலே, ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். ஆயில் இறங்கினால் டேம்பிங் போச்சு, மசகும் போச்சு. பிறகு உலோகம் உலோகத்தைத் தின்னும்.

சீல் வளையத்தை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது. தூணைக் கிரைண்ட் செய்து, ஹார்டு குரோம் (கடினமான குரோமியப் பூச்சு) ஏற்றி, திரும்பவும் கிரைண்ட் செய்து, அந்த அளவுக்குப் புதுப் புஷ்ஷின் துளையை ரீமரால் சீவி, கடைசியாகத்தான் சீல். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஜாக்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் தூண். ஜாக்கியில் ஏற்றியதும் கதவு இடுக்கு மாறுகிறதா என்றும் பாருங்கள். முன், பின் கதவுகளுக்கு இடையே நடுக்கம்பம் இல்லாத பாடி. கீழ்ச்சட்டம் துருப்பிடித்திருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும்.

பின்பக்கத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிரேக் டிரம்களை டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) பக்கத்தில் வைத்துவிட்டதால் சக்கரத்தில் எடை குறைவு. கல் பாவிய சாலையில் பின்சீட்டுக்காரர் தூங்கலாம். டிஃபரன்ஷியல் மூச்சுத்துளை அடைத்தால் மட்டும் ஆயில், சீல் வளையத்தைத் தாண்டி பிரேக் லைனிங்கை நனைக்கும். துளையைக் குத்திவிடுங்கள், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

டூரின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த உடல், காற்றுத்தடை எண் 0.47. ஐம்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின் மணிக்கு 125 கி.மீ. பக்கம் போவது அதனால்தான். அந்த வேகத்திலும் பேசிக்கொண்டே போகலாம்.

இருந்தும் என் பதில்: வேண்டாம். மீறி வாங்குவதானால் இரு தூணுக்கும் குரோம் போட்ட ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.