ஒரு பாட்டு, நாலு பேர், ஒரு கணினி: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு மதிப்பீடு

காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்களுக்கு, நான்கு நிமிடப் பாடலொன்றைக் குழுவாகச் சேர்ந்து படமாக்கித் தரும் பணியைக் கொடுப்பது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. பாடலைத் தேர்ந்தெடுப்பதிலும் இடம் பார்ப்பதிலும் உடை யோசிப்பதிலும் பொங்கி வழியும் உற்சாகம், படப்பிடிப்பு முடிந்து எல்லோருடைய கைப்பேசிகளிலிருந்தும் கோப்புகள் ஒரே கணினியில் வந்து குவிந்தவுடன் வடிந்துவிடுவதைத் துறை ஆய்வகத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த நேரத்தில்தான் எந்த மென்பொருளில் எடிட் செய்யலாம் என்ற கேள்வி எழுகிறது. உண்மையில் அது படப்பிடிப்புக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை. ஆனால் அதைப் புகழ்பவர்கள் முதலில் சொல்லும் காரணமான நிறச்சீரமைப்பு எனக்கு இரண்டாம் பட்சமே. நாலு பேர் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள இந்த மென்பொருள் இடம் தருகிறது என்பதே என் முதல் காரணம். அதே சமயம், பங்கிட்டுக்கொள்ளத் தெரியாத குழுவை இது படுத்தும் பாடும் கொஞ்சநஞ்சமல்ல.

டாவின்சி என்பது முதலில் திரைப்பட, விளம்பர நிறுவனங்களின் நிறச்சீரமைப்பு அறைகளில் மட்டுமே இருந்த, விலை மிகுந்த கருவி. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009-இல் அதை வாங்கி, 2011-இல் இலவசப் பதிப்பொன்றை வெளியிட்டது. 2017-இல் ஃபேர்லைட் என்ற ஒலிப்பகுதியும், 2018-இல் ஃபியூஷன் என்ற காட்சி விளைவுப் பகுதியும் அதனோடு சேர்ந்தன. இன்று அதைத் திறந்தால் திரையின் அடிப்பட்டையில் மீடியா, கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர் என்று வேலையின் வரிசைப்படியே பக்கங்கள் நிற்கின்றன. கோப்புகளை அடுக்குபவர், வெட்டுபவர், நிறம் பார்ப்பவர், ஒலி பார்ப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் சொந்தமாகிறது. ஒரே ஆள் இரவெல்லாம் கண்விழித்து எடிட் செய்ய, மற்ற மூவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கருத்துச் சொல்லும் வழக்கமான காட்சிக்கு இந்த அமைப்பு ஓரளவு முடிவு கட்டுகிறது.

இனி, புதிதாக வருபவர்களைத் தடுமாற வைக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிசால்வில் சேமித்த ப்ராஜெக்ட், படக்கோப்புகள் இருக்கும் அதே ஃபோல்டரில் தனிக் கோப்பாக உட்கார்ந்திருக்காது. அது கணினியில் மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் ப்ராஜெக்ட் லைப்ரரி என்ற தரவுத்தளத்துக்குள் இருக்கும். இதை அறியாத மாணவர், ஆய்வகக் கணினியில் பல்லவி முழுவதையும் வெட்டி முடித்துவிட்டு, படக்கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போவார். அங்கே திறந்தால் வெட்டியது எதுவும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஃபைல் மெனுவிலுள்ள எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் கட்டளையைக் கொடுத்து, டிஆர்பி என்ற பின்னொட்டுடன் வரும் சிறிய கோப்பைத் தேதியிட்டு எடுத்து வைப்பது கட்டாயம். படக்கோப்புகளையும் சேர்த்து ஒரே பொதியாக வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ் என்ற வழி இருக்கிறது. அதற்கு வன்தட்டில் இடம் நிறைய வேண்டும்.

குழுவுக்கு இதைவிடப் பயனுள்ளது, வெட்டிய துண்டுகளை வரிசையாக அடுக்கிய டைம்லைன் ஒன்றை மட்டும் தனியே ஏற்றுமதி செய்யும் வசதி. முதல் சரணத்தை ஒருவரும் இரண்டாம் சரணத்தை மற்றொருவரும் தத்தம் மடிக்கணினியில் வெட்டி, டைம்லைன் கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், தலைமை எடிட்டர் அதைத் தன் ப்ராஜெக்டில் இறக்கி ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எல்லோரிடமும் ஒரே பெயருள்ள ஃபோல்டர் அமைப்பில் அதே படக்கோப்புகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டைம்லைன் முழுதும் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக நிற்கும். டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருந்தால் பயமில்லை, ரீலிங்க் கட்டளையில் ஃபோல்டரைக் காட்டியதும் எல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிடும். அடுத்ததாக, எல்லோரும் ஒரே பதிப்பை நிறுவியிருக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்து மேம்படுத்திய ப்ராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. செமஸ்டர் நடுவில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று மென்பொருள் ஆசை காட்டும்போது, குழுவில் யாரும் தனியாக அதற்கு இணங்கக் கூடாது. இணையவழியே பலர் ஒரே ப்ராஜெக்டில் ஒன்றாக வேலை செய்யும் வசதி இலவசப் பதிப்பிலும் உண்டு என்றாலும், அதற்கான பிளாக்மேஜிக் கிளவுட் லைப்ரரிக்கு மாதக் கட்டணம் இருப்பதாலும் விடுதி இணையத்தின் நிலையை நாம் அறிந்திருப்பதாலும் நான் அதை வற்புறுத்துவதில்லை.

இந்த மென்பொருளின் கண்டிப்பு படப்பிடிப்புக்கு முன்பே தொடங்குகிறது. ஒரு டைம்லைனில் கிளிப்புகளை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டால், அந்த டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணை, மாற்ற முடியாது. ஒருவர் 24-இலும் மற்றவர் 30-இலும் இன்னொருவர் தன் கைப்பேசி எப்படி வைத்திருந்ததோ அப்படியும் எடுத்து வந்தால், நடன அசைவுகளில் தெரியும் வெட்டுத் துள்ளலை எந்தப் பொத்தானும் முழுதாகச் சரிசெய்யாது. நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று குழு முழுவதும் முடிவு செய்துகொண்டால், கல்லூரி வராந்தாவின் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டிலும் கருப்புப் பட்டைகள் ஊர்ந்து செல்லாது. அவற்றை நீக்கும் டீஃபிளிக்கர் கருவி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது என்பதால் இந்த முன்யோசனைக்கு நேரடிப் பலன் உண்டு. இதே நிறுவனம் 2023-இல் ஐஃபோனுக்கும் 2024-இல் ஆண்ட்ராய்டுக்கும் வெளியிட்ட பிளாக்மேஜிக் கேமரா செயலியும் இலவசமே. ஃபிரேம் ரேட், ஷட்டர், வெள்ளைச் சமநிலை ஆகியவற்றை அதில் கையால் அமைத்துப் பூட்டிவிடலாம். கைப்பேசியின் சொந்தக் கேமராவில் எடுத்தால் ஃபிரேம் ரேட் நிலையாக இராமல் ஏறி இறங்குவதும், வெளிச்சத்தையும் இருளையும் சமன்செய்யும் எச்டிஆர் தானாக இயங்கி முகங்கள் வெளுத்துப்போவதும் அடிக்கடி நடப்பவை.

மாணவர் பாடல்களில் எல்லோரும் ஆசைப்படும் மெதுவோட்ட வாயசைப்பை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாடலைச் சாதாரண வேகத்தில் ஒலிக்கவிட்டு, நடிப்பவரை 50 ஃபிரேமில் எடுத்துப் பிறகு மெதுவாக்கினால், உடலோடு உதடும் மெதுவாகிப் பாடலை விட்டு விலகிவிடும். செய்ய வேண்டியது, சுருதி மாறாமல் இருமடங்கு வேகமாக்கிய பாடலைத் தனிக் கோப்பாகத் தயார் செய்து, அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு, நடிப்பவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க, 50 ஃபிரேமில் எடுப்பது. ரிசால்வின் மீடியா பூலில் அந்தக் கிளிப்பைத் தேர்ந்து, கிளிப் ஆட்ரிபியூட்ஸ் சாளரத்தில் 50 என்றிருப்பதை 25 ஆக்கினால், பதிவான ஒவ்வொரு ஃபிரேமும் அப்படியே விரிந்து வரும். துப்பட்டாவும் தலைமுடியும் மிதக்க, உதடு மட்டும் பாடலின் அசல் வேகத்தில் நிற்கும். இதற்கு மெல்லிசைப் பாடல்தான் பொருந்தும். வேகமான குத்துப் பாடலை இருமடங்காக்கி வாயசைக்கச் சொல்வது நடிப்பவருக்குச் செய்யும் கொடுமை; அத்தகைய பாடலில் மெதுவோட்டத்தை இடையிசைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

சாதாரண வேகத்தில் எடுத்த டேக்குகளை ஒத்திசைப்பதில் ரிசால்வ் மிகவும் உதவியானது. ஒவ்வொரு கைப்பேசியிலும் தளத்தில் ஒலித்த பாடல் கரடுமுரடாகவேனும் பதிவாகியிருக்கும் அல்லவா. அந்த ஒலியலையையும் அசல் பாடலின் ஒலியலையையும் ஒப்பிட்டு எல்லாக் கோணங்களையும் ஒன்றாக அடுக்கிய மல்டிகேம் கிளிப் ஒன்றை அது தானே கட்டித்தருகிறது. பிறகு பாடலை ஓடவிட்டு, எந்தக் கோணம் வேண்டுமோ அதன்மீது சொடுக்கிக்கொண்டே போனால் முதல் வெட்டு பாடல் முடியும்போதே தயாராகிவிடும். ஒரே மாதிரியான தாளமும் வரியும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியில் குறுகிய டேக்குகள் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடும். மெதுவோட்ட டேக்குகளுக்கு இந்த வழி பயன்படாது. அவற்றில் பதிவான ஒலியின் வேகமே வேறு. அதனால் தளத்தில் ஒலிக்கவிடும் கோப்பின் தொடக்கத்தில் நான்கு பீப் ஒலிகளைச் சேர்த்து, கடைசி பீப்பில் ஒருவர் கேமராமுன் கைதட்டும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. திரைப்படத் தளங்களில் நாக்ரா என்ற ஒலிநாடாக் கருவி ஓடும்போது செய்த வேலைதான் இது. கருவி புளூடூத் ஸ்பீக்கராக மாறியதால் தேவை மாறிவிடவில்லை. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும் என்றாலும், நடிப்பவரும் கைப்பேசியும் அந்தத் தாமதித்த ஒலியைத்தான் கேட்கிறார்கள் என்பதால் அதனால் குழப்பமில்லை.

கலர் பக்கத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால், குழுவுக்கு முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூன்று வெவ்வேறு கைப்பேசிகளில் எடுத்த ஷாட்டுகளில் ஒன்று நீலமாகவும் ஒன்று மஞ்சளாகவும் இருப்பது இயல்பு. கைப்பேசிவாரியாகக் கிளிப்புகளை குரூப்பாக்கி, குரூப் ப்ரீ-கிளிப் என்ற நிலையில் அடிப்படைத் திருத்தத்தை ஒருமுறை செய்தால் அந்தக் கைப்பேசியின் ஷாட்டுகள் அனைத்துக்கும் அது போய்ச் சேரும். அதன்பின் ஒவ்வொரு ஷாட்டிலும் தேவைப்படும் சிறு திருத்தம் மட்டுமே மிஞ்சும். இதைச் செய்யாமல், முதல் வேலையாக இணையத்தில் கிடைத்த எல்யூடி என்ற ஆயத்த நிற அமைப்பு ஒன்றை எல்லா ஷாட்டுகளின் தலையிலும் கவிழ்த்து, கோடம்பாக்கத்துப் படம்போல் வந்துவிட்டதென்று மகிழும் குழுக்களே அதிகம். மாநிறமான முகங்களை அந்த எல்யூடிகள் சாம்பலாகவோ ஆரஞ்சாகவோ ஆக்கிவிடுவதை அவர்கள் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் உணர்கிறார்கள். முகத்தை மட்டும் வட்டமிட்டு, அசைவைத் தொடர்ந்து சென்று சற்று வெளிச்சமாக்கும் டிராக்கர் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது; மாணவர் வேலைக்கு அதுவே போதும். இல்லாத பொருள், படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் கருவி. இரவுத் தெருவில், சோடியம் விளக்கின்கீழ் எடுத்த ஷாட்டில் கொசுக்கூட்டம்போல் அலையும் புள்ளிகளை இலவசப் பதிப்பில் அகற்ற முடியாது. அந்தக் கருவியைத் தொட்டால் படத்தின்மேல் முத்திரை விழும்.

பாடலின் பெயரையும் குழுவினர் பெயர்களையும் தமிழில் போட விரும்புபவர்கள், கொம்பும் காலும் உயிர்க்குறிகளும் அந்தந்த இடத்தில் சரியாக விழுகின்றனவா என்பதைத் தாம் பயன்படுத்தப்போகும் எழுத்துருவிலேயே முதல் நாளே தட்டச்சு செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். ‘கொ’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகள் நல்ல சோதனை. சந்தேகம் வந்தால் வேறு மென்பொருளில் பின்னணியற்ற பிஎன்ஜி படமாகச் செய்து கொண்டுவந்து வைப்பதே பாதுகாப்பு.

ரிசால்வை மனமாரப் பரிந்துரைக்க முடியாத இடம் கணினி. இது கிராஃபிக்ஸ் கார்டை நம்பி வேலை செய்யும் மென்பொருள். 16 ஜிபி நினைவகமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாத மடிக்கணினியில் 4கே கோப்புகளைப் போட்டால் படம் நின்று நின்று ஓடும். படக்கோப்புகளுக்குச் சிறிய ப்ராக்ஸி பிரதிகளை உருவாக்கி வெட்டினால் நிலைமை வெகுவாக மாறுகிறது. ஆனாலும் 8 ஜிபி கணினியில் கலர் பக்கமும் ஃபியூஷனும் பொறுமையைச் சோதிக்கும். லினக்ஸ் நிறுவிய ஆய்வகங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு கைப்பேசிகள் தரும் எச்.264 கோப்புகளைத் திறக்காது. எல்லாவற்றையும் மாற்றியெடுத்த பிறகே வேலை தொடங்கும். கேமரா வாடகைக்கு எடுக்கும் குழுக்கள் 10-பிட் 4:2:2 என்ற அமைப்பில் எடுத்துவிட்டு விண்டோஸ் இலவசப் பதிப்பில் படமே தெரியவில்லை என்று வருவார்கள். வாடகைக்கு எடுத்த அன்றே ஒரு சோதனை ஷாட்டை எடுத்து, கணினியில் திறந்துபார்த்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போவது செலவில்லாத காரியம்.

இறுதி வெளியீட்டில் இலவசப் பதிப்பின் எல்லை 3840-க்கு 2160 அளவும், நொடிக்கு 60 ஃபிரேமும். கல்லூரி அரங்கின் புரொஜெக்டருக்கும் யூடியூபுக்கும் இதற்குமேல் தேவைப்படாது. முத்திரை எதுவும் இல்லாமல் படம் வெளிவரும் என்பது, இலவசச் செயலிகளின் ஓரமுத்திரையோடு படம் காட்டிப் பழகியவர்களுக்குப் பெரிய ஆறுதல். வெளியிடுவதற்குமுன் டைம்லைனில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 பாடலா, இசையமைத்த நண்பர் கொடுத்த வேவ் கோப்பா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வெட்டும்போது கைக்குக் கிடைத்ததை வைத்துவிட்டு அதையே கடைசிவரை கொண்டுபோவது எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது.

ஸ்டூடியோ என்ற கட்டணப் பதிப்பின் விலை 295 அமெரிக்க டாலர். ஒருமுறை செலுத்தினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஓர் உரிமத்தை இரண்டு கணினிகளில் நிறுவலாம். ஒரே ஒரு பாடலுக்காக மாணவர்கள் பணம் திரட்டி அதை வாங்க வேண்டியதில்லை. இரவுக் காட்சிகளைக் குறைத்து, விளக்கொன்றை வாடகைக்கு எடுத்தால் அந்தச் செலவில் சிறு பங்கே ஆகும். ஆண்டுதோறும் பல குழுக்களுக்கு இந்தப் பணியைத் தரும் துறைகள், ஆய்வகத்தின் இரண்டு நல்ல கணினிகளுக்கு ஓர் உரிமம் வாங்கிப் போட்டு, வெட்டும் வேலையை இலவசப் பதிப்பிலும் கடைசிச் சுற்றின் இரைச்சல் நீக்கத்தையும் வெளியீட்டையும் அந்தக் கணினிகளிலும் செய்யச் சொல்லலாம். இரண்டிலும் ஒரே பதிப்பு எண் இருந்தால் ப்ராஜெக்ட் கோப்பு அப்படியே திறக்கும்.