எல்லவில் மூன்று நாள்: எந்தப் பாதை யாருக்கு

இலங்கையின் மலைநாட்டு ஊரான எல்லவுக்குக் காலையில் போய், ஒன்பது வளைவுப் பாலம் என்கிற ரயில் பாலத்தில் நின்று படமெடுத்து, பின்னேரமே திரும்பி வந்தவர்கள்தான் "அங்க என்ன இருக்கு, ஒரே சனமும் விலையும்" என்று சொல்கிறார்கள். போன முறை நானும் அப்படித்தான் போய்வந்தேன், அப்படித்தான் சொன்னேன். இந்த முறை, 2025 பெப்ரவரியில், அக்காவோடு மூன்று இரவு தங்கி நடந்தே பார்த்தோம். எனக்கு நடை பழக்கம். அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, வலது முழங்கால் மக்கர் பண்ணும். அதனால் பாதைகள் எப்படி என்று இரண்டு பேருடைய காலையும் வைத்துச் சொல்ல முடியும்.

முதலில் போகும் வழி. நாங்கள் போன நேரம் எல்லோரும் கண்டியிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ ரயிலில் வரப் பார்த்தார்கள், ஒதுக்கிய ஆசனங்கள் விற்பனைக்கு வந்த உடனே தீர்ந்துபோயின, பிறகு யாரோ ஒருவரிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பதுளைக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறும் ரயிலில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தோம். பதுளை கடைசி நிலையம் என்பதால் அந்தப் பக்கமிருந்து ஏறினால் யன்னல் ஓரம் கிடைக்கும். ஹாலிஎல, தெமோதரை, அப்புறம் எல்ல, ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து தன் நிலையத்துக்கே கீழால் போகிற தெமோதரை வளையமும் ஒன்பது வளைவுப் பாலமும் வந்துவிடும். கண்டியிலிருந்து வரும் பயணமும் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் ஆறேழு மணி நேரம் வாசலில் தொங்கிக்கொண்டு நிற்க அக்காவால் முடியாது.

தங்கியது ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில். மூன்று அறைதான். பிரதான வீதியில் இரவு பதினொரு மணிவரை பாட்டுச் சத்தம் கேட்கும், அங்கே அறை எடுக்காதீர்கள், குளிரும் இருட்டும் தவளைச் சத்தமும் வேண்டுமென்றால் கொஞ்சம் மேடேறித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடப் போகிறோம் என்று கையால் காட்டியதும், நாலரைக்கே எழும்பித் தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டு, கட்டைச்சம்பலோடு வாழையிலையில் சுற்றித் தந்தார். பாறை உச்சியில் அதைப் பிரித்தபோது ரொட்டி ஆறிப்போயிருந்தது. இருந்தும் இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் அதுதான் திறம்.

சரி, பாதைகள்.

சின்ன சிவனொளிபாதமலையைத்தான் எல்லோரும் முதலில் ஏறுவார்கள். 1141 மீட்டர். எல்லவே ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது என்பதால் உண்மையில் ஏறுகிற உயரம் கொஞ்சம்தான். பசறை வீதியால் போய்த் தேயிலைக்குள் திரும்பினால் பாதை தெளிவாக இருக்கும், கடைசியில் மட்டும் படிக்கட்டு. அக்கா இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறி ஒரு மணி நேரத்தில் ஏறினா, இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டா. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் பயப்படாமல் போகலாம். குறை ஒன்றுதான்: எட்டு மணிக்குப் பிறகு சனம் கூடிவிடும், பக்கத்தில் கம்பியில் தொங்கிப் பறக்கிற விளையாட்டும் நடப்பதால் கத்தல் கேட்டுக்கொண்டே இருக்கும். விடியமுன் ஏறுங்கள். முதல் உச்சியில் நிற்காமல் அதே மலைமுதுகில் இன்னும் கொஞ்சம் நடந்தால் அடுத்த மேடுகள் இருக்கின்றன, அங்கே பாதிப் பேர்கூட வருவதில்லை. சூரியன் வரும்போது எதிரே எல்லப் பாறையின் நெற்றி முதலில் சிவக்கும், கீழே பள்ளத்தாக்கு இன்னும் நீலமாகவே கிடக்கும்.

அந்த எல்லப் பாறைதான் எனக்கு இந்த ஊரின் உயிர். போய்வர எனக்கு நான்கு மணி நேரம் எடுத்தது. அக்காவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன், அது சரியான முடிவு, முழங்கால் வலி உள்ளவர்கள் இதை நினைக்கவே வேண்டாம். எல்ல நிலையத்திலிருந்து பண்டாரவளைப் பக்கமாகத் தண்டவாளத்தை ஒட்டி நடக்க வேண்டும், இரும்புப் பாலம் ஒன்று வரும், பிறகு கித்தல் எல்ல நிலையம். காலையில் அந்தப் பாதையால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வருவார்கள், மரக்கறி மூட்டையோடு ஆட்கள் வருவார்கள். ஊரவர்களுக்கு அது வீதி. ஆனால் அது ரயில் ஓடுகிற பாதை என்பதை மறக்கக்கூடாது, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள், வளைவுகளில் ரயில் கிட்ட வந்த பிறகுதான் சத்தமே கேட்கும். புறப்படுமுன் நிலையத்தில் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நடங்கள்.

கித்தல் எல்ல தாண்டியதும் இடப்பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை, ஒரு சின்ன அருவி, அதைத் தாண்டித் தேயிலை, ஆள் உயர மானாப்புல். குழப்பம் இங்கேதான். எந்தப் பிரிவு சரி என்று தெரியாமல் நின்றபோது ஒருவர் எங்கிருந்தோ வந்து, "அந்தப் பக்கம் பாதை இல்லை, நான் கூட்டிப்போறேன்" என்று வேறு பக்கம் நடத்தினார். கால்மணி நேரம் கழித்து வரைபடத்தைப் பார்த்தால் நான் முதலில் நின்ற இடத்துப் பாதைதான் சரி. அதற்குள் காசு கேட்டார், கொடுத்துவிட்டு நடந்தேன். வழிகாட்டி வேண்டுமென்றால் தங்குமிடத்தில் சொல்லி, தொகையை முதலே பேசிக் கூட்டிப்போங்கள், அது நியாயமான உழைப்பு. இல்லையென்றால் வரைபடத்தைப் போனில் முதலே இறக்கி வைத்திருங்கள்.

கடைசி ஏற்றம் யூகலிப்டஸ் காட்டுக்குள். வேர்களே படிகள். மூச்சு வாங்கும், ஆனால் அந்த வாசனை நெஞ்சைத் திறந்துவிடும். மேலே ஏறியதும் தரை திடீரென்று முடிந்துவிடுகிறது. கம்பி வேலி எதுவும் நான் பார்க்கவில்லை, விளிம்பில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்க்கவே எனக்குக் கால் கூசியது, பிள்ளைகளோடு வருபவர்கள் கையை விடாதீர்கள். முன்தினம் ஏறிய சின்ன சிவனொளிபாதமலை கீழே ஒரு மேடுபோலத் தெரிந்தது. எல்லக் கணவாய் இரண்டு மலைகளுக்கு நடுவே தெற்கே பிளந்து போக, வெல்லவாயா வீதி அதற்குள் நூல்போல இறங்க, அதற்கப்பால் சமவெளி கண்ணுக்கெட்டும் வரை. அரை மணி நேரம் இருந்தேன். ஒன்பதரைக்கெல்லாம் கீழிருந்து மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது, அப்போதுதான் மேலே வந்தவர்களுக்கு வெள்ளைத் திரை மட்டும்தான். அதனால்தான் நாலரை மணி ரொட்டி.

இறங்கும்போது தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் தமிழில் போனில் கதைத்ததைக் கேட்டு, "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டா. யாழ்ப்பாணம் என்றதும் பறிப்பதை நிறுத்தாமலே அவ்வளவு தூரத்திலிருந்து இந்தக் கல்லைப் பார்க்கவா வந்தாய் என்று கேட்டா. கொஞ்ச நேரம் நின்று கதைத்தோம். இந்தப் பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மனிதர்களைப் படத்துக்கு நிறமாக மட்டும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. நாம் நடக்கும் இந்த ஒற்றையடிப் பாதைகளில் பல தோட்டத்துச் சனம் வேலைக்குப் போய்வந்து தேய்த்த பாதைகள். தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மலைநாட்டுக்கு நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அதன் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனியே போனார்கள். நாங்கள் போனபோது அவர்களின் நாட்சம்பளம் 1350 ரூபா, அதுவும் 2024 செப்டெம்பரில்தான் அவ்வளவானது. எல்ல வீதியில் ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் அதைவிடக் கூடக் கொடுத்தோம். ஆளைப் படமெடுக்க ஆசையென்றால் முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோட்டத்துக்குள் தேயிலைச் செடியை மிதித்து நிற்காதீர்கள்.

ஒன்பது வளைவுப் பாலத்தை அவசரமாகச் சொல்லி முடிக்கிறேன். 1921இல் முடிந்தது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வளைவும் ஒரு கோயில் வாசல்போல இருக்கும். ஊரிலிருந்து நடந்தே போகலாம், ஆட்டோவுக்குப் பேரம்பேசத் தேவையில்லை. பத்து மணிக்குப் பிறகு கால் வைக்க இடமில்லை. காலை ஆறரைக்குப் போனோம், ஒரு நாயும் நாங்களும்தான்.

இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி வெல்லவாயா வீதியோரம், பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம், 25 மீட்டர். மாசியில் தண்ணீர் மெலிந்திருந்தது. வழுக்குப் பாறை, ஏறாதீர்கள். மழைக்குப் பிறகு நடப்பவர்களுக்கு அட்டை கடிக்கும், நீளக் காலுறை போட்டு, சித்தாலேப தைலம் பூசிக்கொண்டால் போதும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்காலம், தை முடிந்து சித்திரைக்குள் போவது நல்லது.

கடைசி நாள் அக்காவுக்கென்று வைத்தது. எல்லப் பாறைக்கு வர முடியவில்லையே என்று அவவுக்கு மனக்குறை. ரயிலேறி ஒரே ஒரு நிலையம், தெமோதரையில் இறங்கினோம். வரும்போது ரயிலுக்குள் இருந்ததால் அந்த வளையம் எங்களுக்கு விளங்கவில்லை. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். நாங்கள் வந்த ரயில் எங்களை இறக்கிவிட்டுப் பதுளைக்குப் புறப்பட்டது. மேடையில் நாங்கள் இருவரும் ஒரு கச்சான் பையும். மலையைச் சுற்றி, மரங்களுக்குள் மறைந்து, சில நிமிடத்தில் அதே ரயில் நாங்கள் நின்ற நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்தது. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தா. "அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டா. அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.