பட்டன் கத்தி: எந்த ஸ்பிரிங் பைக்கு, எந்த ஸ்பிரிங் பெட்டிக்கு?

பட்டனை அழுத்தினால் அலகு தானே விரியும் கத்தியைப் பட்டன் கத்தி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே இருப்பவை நான்கு வெவ்வேறு இயந்திரங்கள். சுருள் ஸ்பிரிங்கால் பக்கவாட்டில் விரிவது ஒன்று. பட்டை ஸ்பிரிங் போட்ட இத்தாலிய ஸ்டிலெட்டோ இன்னொன்று. பிடியின் வாயிலிருந்து நேராக வெளியே பாயும் ஓ.டி.எஃப். மூன்றாவது. விரலால் சற்றே தள்ளிவிட்டால் மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் அசிஸ்டட் நான்காவது. இதைப் பட்டன் கத்தி என்று சொல்வதே சரியில்லை, ஆனால் வாங்குபவர் தட்டில் இதுவும் வந்துவிடுகிறது.

அலகு எத்தனை அங்குலம், எஃகு என்ன ரகம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கத்தி மூடிக் கிடக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கிறதா, தளர்ந்து கிடக்கிறதா? பையில் எந்தப் பக்கம் பார்த்துச் செருகுவது, அலமாரியில் எப்படி வைப்பது, பத்து வருடம் கழித்து எது பழுதாகும் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது.

சுருள் ஸ்பிரிங், பக்கவாட்டு விரிப்பு

அச்சைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். அதன் ஒரு கால் பிடியில் மாட்டியிருக்கும், மறு கால் அலகில். மூடும்போது நம் கைதான் அதை முறுக்குகிறது. மூடியிருக்கும் நேரமெல்லாம் அது முறுக்கிலேயே இருக்கும். பட்டனுக்கு அடியில் ஒரு சிறிய உருளை. அதன் ஒரு பகுதி தடிமன், ஒரு பகுதி கழுத்துபோல் மெலிந்தது. தடித்த பகுதி அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அலகு அசையாது. பட்டனை அழுத்தினால் மெலிந்த கழுத்து பள்ளத்துக்கு நேராக வந்து வழிவிடும். அலகு முழுதாக விரிந்ததும் அதே உருளை மேலே எழும்பி இரண்டாவது பள்ளத்தில் உட்காரும்.

மூடிவைப்பதும் அதே உருளை, விரித்துப் பூட்டுவதும் அதே உருளை. இதன் பலம் எளிமை, பலவீனமும் அதுவே. பள்ளத்தின் விளிம்போ உருளையோ தேய்ந்தால் விரித்த அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும், மூடிய அலகு லேசான அழுத்தத்துக்கே கிளம்பிவிடும். வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை: அலகை விரித்துப் பூட்டிவிட்டு, அதன் முதுகை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் ஆட்டிப் பாருங்கள். இடவல ஆட்டம் அச்சுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் போய்விடும். மேல்கீழ் ஆட்டம் திருகில் தீராது. அப்படிப்பட்ட கத்தியைப் பழைய பொருளின் விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

பட்டனை அழுத்தியும் அலகு பாதியில் நின்றால் உடனே ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் அச்சுத் திருகு அதிகம் இறுகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் குழிக்குள் சட்டைப்பையின் பஞ்சு அடைத்திருக்கும். இன்னொரு கோளாறு விசித்திரமானது: அலகு முழு வேகத்தில் விரிந்து, தடுப்பில் மோதி, பூட்டாமல் துள்ளித் திரும்பும். அங்கே குற்றவாளி உருளைக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்பிரிங். கெட்டியான எண்ணெயில் அது மந்தமாகி, அலகு வந்து சேரும் நேரத்தில் எழும்பத் தவறுகிறது. கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

பிரிக்க வேண்டியிருந்தால் அலகை விரித்த நிலையில்தான் பிரிக்க வேண்டும். முறுக்கு அப்போதுதான் மிகக் குறைவு. மூடிய நிலையில் பக்கத் தகட்டைத் தூக்கினால் அலகும் ஸ்பிரிங்கும் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டு பிரிப்பது நல்லது, அந்தக் குட்டி ஸ்பிரிங் தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். டார்க்ஸ் எனப்படும் நட்சத்திரமுனைத் திருப்புளியில் ஆறும் எட்டும் பெரும்பாலான மாடல்களுக்குப் போதும். திரும்பப் பூட்டும்போது திருகில் குறைந்த பிடிப்புள்ள ஊதா நிறப் பூட்டுத் திரவம் போடுங்கள். சிவப்பு போட்டால் அடுத்த முறை திருகின் தலைதான் போகும். பிரித்தாலே உத்தரவாதம் ரத்து என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

ஓ.டி.எஃப்.: வேடிக்கைக்கு முதலிடம், உழைப்புக்கு?

மைக்ரோடெக் அல்ட்ராடெக், பெஞ்ச்மேட் இன்ஃபிடெல் போன்றவை இரட்டைச் செயல் வகை. ஒரே ஸ்லைடரை முன்னே தள்ளினால் அலகு வெளியே, பின்னே இழுத்தால் உள்ளே. இதில் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் ஏறக்குறைய ஓய்வில்தான் இருக்கிறது. ஸ்லைடரைத் தள்ளும் நம் கட்டைவிரல்தான் ஸ்பிரிங்கை இழுக்கிறது. இழுவை ஓர் எல்லையைத் தொட்டதும் பூட்டு விடுபட்டு அலகு கிளம்பும். பயணத்தின் முதல் பகுதியில்தான் ஸ்பிரிங்கின் தள்ளல். மீதித் தூரம் அலகு தன் வேகத்திலேயே போய்க் கடைசியில் பூட்டில் விழும். ஸ்லைடர் ஏன் இவ்வளவு கடினம் என்று முறையிடுபவர்களுக்கு இதுவே பதில்: பக்கவாட்டுக் கத்தியில் மூடும்போது செய்யும் வேலையை இதில் திறக்கும்போதே செய்கிறோம்.

அலகு தன் வேகத்தில் போவதால் வழியில் சின்னத் தடை வந்தாலும் நின்றுவிடும். துணி மடிப்பு போதும், அட்டையின் ஓரம் போதும். அப்போது அலகு முன்னும் பூட்டாமல் பின்னும் பூட்டாமல் தொளதொளவென்று தொங்கும். இது உடைசல் அல்ல, தடம் விலகல். அலகின் தட்டையான பக்கங்களைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். கூர்ப்பக்கத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு பக்கமும் கூர் என்றால் தடித்த துணியோடு. வாரம் ஒருமுறை இப்படி ஆனால் உள்ளே அழுக்கு என்று பொருள்.

சுத்தம் செய்வதும் இதில் தனி முறை. வாய்ப்பக்கத்தைக் கீழே பிடித்துக் காற்றடித்துத் தூசியைத் தள்ளுங்கள். பிறகு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, 15, 20 முறை திறந்து மூடி, வழிவதைத் துடைத்துக் காயவிடுங்கள். அருகில் நெருப்பு கூடாது. கடைசியில் மிக மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு விடத் தோன்றும், விடாதீர்கள். அதிக எண்ணெய் பஞ்சோடு சேர்ந்து பசையாகி அதே கோளாறைத் திரும்பக் கொண்டுவரும். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். சாணை பிடிக்கும்போது வாயைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். கல்லிலிருந்து வரும் சேறு உள்ளே போனால் முழுதாகப் பிரிக்காமல் எடுக்க முடியாது.

விரிந்த அலகு லேசாக ஆடுவது இந்த வகையின் பிறவிக்குணம். அலகு தடத்தில் ஓட இடைவெளி வேண்டும், அந்த இடைவெளிதான் ஆட்டமாகத் தெரிகிறது. விலையுயர்ந்த கத்தியில் ஆட்டம் குறையும், மறையாது. ஆட்டம் இன்னும் குறைய வேண்டும் என்றால் ஒற்றைச் செயல் ஓ.டி.எஃப். பார்க்கலாம். அதில் ஸ்பிரிங் மூடிய நிலையில் முறுக்கேறி நிற்கும், பாய்ச்சலும் பூட்டும் உறுதியானவை. உள்ளே தள்ள மட்டும் தனிக் கைப்பிடியை இழுக்க வேண்டும்.

ஒரு கையால் மூட முடிவது ஓ.டி.எஃப்.பின் உண்மையான மேன்மை. ஏணியில் நின்று ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். பக்கவாட்டுக் கத்தியை மூட, பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்பிரிங்குக்கு எதிராக அலகை மடக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு கை வேலை. இடதுகைக்காரர்களுக்கும் ஓரத்தில் ஸ்லைடர் உள்ள ஓ.டி.எஃப். சௌகரியம். பக்கவாட்டுக் கத்திகளின் பட்டன் வலது கட்டைவிரலை நினைத்தே வைக்கப்படுகிறது, இடதுகைக்காரர் ஆட்காட்டி விரலால் அழுத்திப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெட்டி பிரிப்பது, கயிறு அறுப்பது, மரக்குச்சி சீவுவது என்று தினமும் அழுத்தம் கொடுத்து வெட்டுகிறவருக்குச் சுருள் ஸ்பிரிங் கத்தியே என் தேர்வு. ஆடாத அலகும், எளிதில் கழுவக்கூடிய வயிறும் அதில்தான்.

அசிஸ்டட்

கென் ஆனியன் வடிவமைத்து கெர்ஷா கத்திகளில் புகழ்பெற்ற ஸ்பீட்சேஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் பட்டன் கிடையாது. மூடிய அலகை ஸ்பிரிங் மூடிய பக்கமே வைத்திருக்கும். விரலால் ஒரு கோணம்வரை தள்ளிய பிறகுதான் விசை திசைமாறி அலகை விரிக்கும். வேகத்தில் பட்டன் கத்திக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சட்டத்துக்குத் தெரியும், அதைக் கீழே சொல்கிறேன். இதன் கோளாறு ஒன்றுதான் கவலைக்குரியது: மூடிவைக்கும் பிடிப்பு தளர்ந்தால் பைக்குள் அலகு எட்டிப் பார்க்கும், அப்படி எட்டிப் பார்த்ததை ஸ்பிரிங் முடித்துவைக்கும். முனையைக் கீழே பார்க்கப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் அலகு நகர்கிறதென்றால் அதைப் பையில் போடக் கூடாது.

பையில் வைப்பது

மூடிய நிலையில் ஸ்பிரிங் முறுக்கில் இருக்கும் கத்திக்கு இடம் முக்கியம். வலது முன்பையில், முனை மேலாக, பையின் பின்தையலை ஒட்டிச் செருகுங்கள். அலகின் முதுகு அந்தத் தையலைப் பார்த்திருக்க வேண்டும். தவறிப் பட்டன் அழுந்தினாலும் தையல் அலகை விரியவிடாது. பையின் நடுவில் தளர்வாகப் போட்டால் அந்தக் காவல் இல்லை. சாவியையும் நாணயத்தையும் அதே பையில் போடாதீர்கள். பட்டனை அழுத்துபவை அவைதான்.

பட்டன் தவறி அழுந்தாமல் தடுக்கும் பூட்டுத்தாழ் பற்றி இரண்டு கட்சி உண்டு. பட்டன் பிடியின் மட்டத்துக்குக் கீழே புதைந்திருந்தால் தாழ் தேவையில்லை என்பேன், மேலே துருத்தியிருந்தால் தாழ் இல்லாத கத்தியை வாங்கவே வேண்டாம். இரட்டைச் செயல் ஓ.டி.எஃப்.பில் கடினமான ஸ்லைடரே தாழ். வாய் கீழ்நோக்கிச் செருகினால் பஞ்சு சேரும் என்பது மட்டும்தான் அதன் தொந்தரவு.

சட்டம் வடித்த வடிவங்கள்

அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் பட்டன் கத்தி வணிகத்தையும் இறக்குமதியையும் தடுக்கிறது. கையில் வைத்திருப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதே சட்டத்தில் ஒரு விந்தையான விலக்கு: ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலம்வரை அலகுள்ள பட்டன் கத்தியை எடுத்துச் செல்லலாம். 2009இல் வந்த திருத்தம், மூடிய பக்கமே சாயும் அமைப்புள்ள கத்திகளை, அதாவது அசிஸ்டட்டை, இந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. கலிபோர்னியா 2 அங்குலத்துக்குக் குறைவான அலகை அனுமதிக்கிறது. கெர்ஷா லாஞ்ச் 4, புரோடெக் ரன்ட் போன்ற 1.9 அங்குலச் சிறுகத்திகளுக்கு அங்கே தேவை இருப்பது இதனால்தான்.

பிரிட்டனில் தயாரிப்பும் விற்பனையும் 1959இலேயே தடை; 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கனடாவில் பட்டன் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். பல இடங்களில் இருபுறம் கூருள்ள அலகுக்குத் தனித் தடை இருக்கும், இன்ஃபிடெல் போன்ற குத்துவாள் வடிவங்கள் அங்கே மாட்டும். விமானத்தில் கைப்பையில் எந்த வகையும் கூடாது. போகும் ஊரின் விதி, கடக்கும் ஊரின் விதி இரண்டையும் பார்க்காமல் பயணப்பெட்டியிலும் போடாதீர்கள்.

சேகரிப்பவருக்கு: பட்டை ஸ்பிரிங்

பையை விட்டு அலமாரிக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. இத்தாலியின் மானியாகோ ஊர் ஸ்டிலெட்டோக்கள் இங்கே ராஜா. இவற்றில் பிடிக்குள் ஒரு தட்டையான பட்டை ஸ்பிரிங், வளைந்து அலகை உதைக்கக் காத்திருக்கும். மூடும் முறையை வைத்தே காலத்தை ஊகிக்கலாம். பழைய 'பிக்லாக்' வகையில் முதுகு ஸ்பிரிங்கின் நுனியை நகத்தாலோ கூரான கருவியாலோ தூக்கினால்தான் பூட்டு விடுபடும். பின்னால் வந்தவற்றில் பிடியின் முன்நுனியில் குறுக்காக நிற்கும் காவலைச் சாய்த்தாலே அது தூக்கிவிடும். பிக்லாக்குக்கு அதிக விலை கொடுப்பது பழமைக்காக, பயன்பாட்டுக்காக அல்ல. பட்டனுக்குப் பதில் சிறு நெம்புகோலால் திறக்கும், ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த வகைகளும், 1904இல் தொடங்கிய அமெரிக்க ஷ்ரேட் நிறுவனத்தின் பட்டன் கத்திகளும், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்காகச் செய்த எம்2 கத்தியும் இதே அலமாரியில் இடம் கேட்பவை.

பட்டை ஸ்பிரிங் வருடக்கணக்கில் வளைந்தே கிடந்தால் வளைவிலேயே பழகிவிடும். பழையதாக இருந்தால் ஒருநாள் முறியவும் செய்யும். ஆகவே ஸ்டிலெட்டோவை விரித்த நிலையில் வையுங்கள். சுருள் ஸ்பிரிங் அப்படி அல்ல. அது நிற்பதால் களைப்பதைவிடத் திரும்பத் திரும்ப இயக்குவதால்தான் களைக்கிறது. சும்மா உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பவர் தன் கத்தியின் ஆயுளைத்தான் அமுக்குகிறார். இரட்டைச் செயல் ஓ.டி.எஃப். எந்த நிலையில் இருந்தாலும் ஒன்றே.

போலிகள் அதிகம் ஓ.டி.எஃப்.பில். அல்ட்ராடெக் போலிகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. அலகில் பொறித்த வரிசை எண்ணும் தேதியும் பெட்டியோடு வந்த தாளும் ஒத்துப்போகின்றனவா, பிடியின் திருகுகள் அந்த மாடலின் அசல் திருகுகளைப் போலவே இருக்கின்றனவா, ஸ்லைடர் இரண்டு திசையிலும் ஒரே அளவு விசை கேட்கிறதா என்று பாருங்கள்.

தோலுறையில் செருகி வைக்காதீர்கள். தோல் பதனிடும் உப்பும் அமிலமும் எஃகில் புள்ளி புள்ளியாகத் துரு வைக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும். துடைத்து, மெல்லிய மெழுகு பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். பழைய செல்லுலாய்டு பிடியுள்ள கத்தி இருந்தால் அதை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். செல்லுலாய்டு சிதையத் தொடங்கும்போது அமில ஆவி கக்கும்; ஒரே இழுப்பறையில் இருந்தால் அந்த ஒரு பிடி பக்கத்திலிருக்கும் பத்து அலகுகளைத் துருவாக்கிவிடும். பிடியில் மெல்லிய வெடிப்பு, கூடவே ஒரு புளித்த நெடி, பிடியருகே மட்டும் அலகில் கருந்துரு என மூன்றில் எது தெரிந்தாலும் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.