கரும்புக்கு நடுவே ஒரு பாட்டு: கோ-பிட்வீன்ஸ் குழுவோடு பத்தாண்டுகளுக்கு மேல்

ஒரத்தநாட்டுக்கு அருகே, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர் எங்களுடையது. அறுவடைக் காலத்தில் குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிய டிராக்டர்கள் எதிரே வந்தால், சாலையோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர முடியும். 2014-இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது, அறை நண்பர் என் கைபேசியில் ஏற்றித் தந்த நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பாடல்களுக்குள் ஆஸ்திரேலியக் குழுவான கோ-பிட்வீன்ஸின் ‘கேட்டில் அண்டு கேன்’ (மாடுகளும் கரும்பும்) இருந்தது. முதல் முறை கேட்டபோது பிடிக்கவில்லை. கிடார் எங்கோ இடறி இடறி நடப்பதுபோல் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் ரயிலில் வரும்போது அதே பாட்டு மறுபடி வந்தது. கரும்புக் காடுகளின் வழியே வீடு திரும்பும் பள்ளிச் சிறுவனின் நினைவுதான் அந்தப் பாட்டு என்பது அன்றுதான் சொல் சொல்லாகப் புரிந்தது. அதை எழுதிய கிராண்ட் மெக்லெனன் குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். நானும் அப்படித்தான். அன்று ஊர்ப் பேருந்தில் ஏறி இறங்கும்வரை அந்த ஒரே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இடறல் என்னவென்று தெரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரல்களால் எண்ணியவர், மூன்றாவது சுற்றில் தலையை ஆட்டினார். “தம்பி, இதோட தாளம் பதினொண்ணு. அஞ்சு, ரெண்டு, நாலுன்னு பிரிச்சிருக்காங்க. நம்ம மிஸ்ர ஜாதி திரிபுடை தாளமும் பதினொண்ணுதான், ஆனா ஏழு, ரெண்டு, ரெண்டுன்னு வரும்” என்றார். அதன்பின் டிரம்ஸ் வாசித்த லிண்டி மாரிசனின் கையைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினேன். அந்தக் கணக்கைக் கணக்கென்றே தெரியாமல் அவர் நடத்திச் செல்லும் அழகுக்காகவே அந்தப் பாட்டை இன்னும் பலமுறை கேட்கலாம்.

ராபர்ட் ஃபார்ஸ்டரும் மெக்லெனனும் 1977-இல் பிரிஸ்பேனில் தொடங்கிய குழு இது. இருவரும் பாடல் எழுதுவார்கள், இருவரும் பாடுவார்கள். ஃபார்ஸ்டரின் பாடல்கள் முறைப்பாக நிற்கும். மெக்லெனனுடையவை இளகி ஓடும். ஒருவரை மட்டும் விரும்புகிறவர் குழுவைப் பாதிதான் கேட்டிருக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. 1980-களில் ஆறு ஆல்பங்கள் வெளியிட்டும் பெரிய வெற்றி எதுவும் வாய்க்காமல் 1989-இல் கலைந்து, 2000-இல் மீண்டும் கூடி மேலும் மூன்று ஆல்பங்கள் தந்தார்கள். 2006 மே மாதம் மெக்லெனன் 48 வயதில் காலமானதோடு குழு முடிந்தது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு 1988-இல் வந்த ‘16 லவ்வர்ஸ் லேன்’ ஆல்பத்தையே முதலில் சொல்வேன். அமாண்டா பிரவுனின் வயலினும் வெயில் படிந்ததுபோன்ற கிடார் ஒலியும் முதல் நாளிலேயே உள்ளே அழைத்துக்கொள்ளும். ‘கேட்டில் அண்டு கேன்’ இடம்பெற்ற, 1983-இல் வெளியான ‘பிஃபோர் ஹாலிவுட்’ அடுத்தது. அதற்குப் பொறுமை வேண்டும். முதல் ஆல்பம் இன்றுவரை எனக்குக் கைகூடவில்லை. ‘டலூலா’ ஆல்பத்தில் நல்ல பாடல்கள் இருந்தும், அந்தக் காலத்து ஒலிப்பதிவுப் பாணி சில இடங்களில் அவற்றை மூடிவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனபின், பல நாட்கள் மின்சாரம் இல்லை. கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துக் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றி வந்து, உறவினர்களோடு பேசுவதற்குப் போக மிஞ்சியதில் இரவுக்கு ஒரு பாட்டு என்று கணக்கு வைத்துக் கேட்டேன். சாய்ந்த மரங்களை எண்ணி ஓய்ந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, ஒரு நாள் இயர்போனின் ஒரு முனையைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும், “யாரோ ஊரை நெனச்சுப் பாடுறான்” என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

பிரிஸ்பேன் ஆற்றின் மேல் 2010-இல் திறக்கப்பட்ட ஒரு பாலத்துக்கு இந்தக் குழுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். என் கைபேசி மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதியதில் முதலில் ஏறுவது அந்த 1983 ஆல்பம்தான். கடந்த தைப் பொங்கலுக்குக் கரும்புக்கட்டை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும்போதும் வழியெல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அஞ்சு, ரெண்டு, நாலு என்று விரல்கள் தாமாகவே ஹேண்டில்பாரில் எண்ணிக்கொண்டிருந்தன.