சென்னை பஸ்: டீசலா, சிஎன்ஜியா, மின்சாரமா?

1 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஏசி இல்லாத டவுன் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. ஓடினால், கிலோமீட்டருக்கு 670 கிராம்.

சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, கிலோவுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. கிலோவுக்கு 4 கி.மீ. கொடுத்தாலும் டீசலோடு சரிக்குச் சரிதான். கரும்புகை குறையும், டெல்லி பஸ்களை உச்ச நீதிமன்றம் 1998இல் சிஎன்ஜிக்கு மாறச் சொன்னதும் அதற்காகத்தான். ஆனால் சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்; அது எரியாமல் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு சூடாக்கும். சிலிண்டர் வால்விலோ பைப் இணைப்பிலோ கசிவிருந்தால் டீசலே தேவலை.

2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பிய மின்சாரப் பஸ்ஸைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். அன்று கிளம்பியவை ஏசி இல்லாதவை; பின்னர் வந்த 12 மீட்டர் ஏசி மின்சாரப் பஸ் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் இழுக்கிறது என்று வைப்போம். அந்த மின்சாரத்தைத் தயாரிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, இந்திய மின்தொகுப்பின் சராசரியில் யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ. பெருக்கினால் 940 கிராம்; சார்ஜிங் இழப்பும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். டீசலைவிட மோசமா? இல்லை. டீசல் பஸ்ஸுக்கும் ஏசி போட்டால் மைலேஜ் 3க்குக் கீழே இறங்கும். கச்சா எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும் புகை அதன்மேல் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. ஆக மின்சாரம் முந்துகிறது, கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தை அதிகமாக்குவது சார்ஜ் போடும் நேரம். ராத்திரி செருகினால் நிலக்கரியின் பங்கு கூடுதல். மதியம் 12 முதல் 3 வரை வெயில் மின்சாரம். 200 யூனிட் பேட்டரியை 20இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 120 யூனிட் வேண்டும்: 120 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேரம். அதே சார்ஜரின் இரண்டு ‘கன்’னிலும் (பஸ்ஸில் செருகும் முனை) பஸ் நின்றால் இரண்டு மணி நேரம், அதற்குள் ஷிப்ட் மாறி டிரைவர் வந்துவிடுவார். மதியம் அரைகுறையாக ஏறியதை ராத்திரிதான் நிரப்ப வேண்டியிருக்கும்.

எரிபொருளைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் டூவீலர் கிலோமீட்டருக்கு 51 கிராம். 50 பேர் ஏறிய பழைய டீசல் பஸ்ஸில் ஆளுக்கு 13 கிராம். 13 பேர் மட்டும் ஏறினால் இரண்டும் ஒன்று. நாற்பது நிமிடம் ஸ்டாப்பில் நின்றவர் அடுத்த மாதம் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார்.

அதனால் மின்சாரப் பஸ்ஸை நெரிசல் தடத்தில் விடுங்கள். நின்று நின்று போகும்போது டீசலின் மைலேஜ் சரியும், மின்சாரப் பஸ்ஸோ பிரேக்கில் கொஞ்சம் சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து விடுபடும் டீசல் பஸ்ஸைக் கழித்துக் கட்டாமல், பஸ் அபூர்வமாக வரும் புறநகர்த் தடங்களுக்கு அனுப்புங்கள்.