அற்புதங்களைப் படிக்க மாற்குவா, யோவானா?

கடந்த லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) எங்கள் வீட்டு பைபிள் ஸ்டடிக்கு இயேசுவின் அற்புதங்களை எடுத்துக்கொண்டோம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குவதா, யோவான் சுவிசேஷத்திலா என்று இரண்டு வாரம் பேசி, கடைசியில் யோவானைத் தேர்ந்தெடுத்தோம். படித்து முடித்த பிறகும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மாற்குவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்த வேகம். முதல் அதிகாரத்திலேயே கப்பர்நகூம் ஊரில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் ஒருவனைவிட்டு அசுத்த ஆவி போகிறது, பேதுருவின் மாமிக்கு ஜுரம் விடுகிறது, சாயங்காலம் ஊரே வாசலில் கூடிவிடுகிறது. யோவானில் பிசாசு துரத்தும் சம்பவம் ஒன்றுகூட இல்லை. அற்புதங்களும் வழக்கமான கணக்கில் ஏழுதான், அதிலும் கடல்மேல் நடந்ததைச் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

அப்புறம் சொல் வித்தியாசம். கிரேக்க மூலத்தில் அற்புதத்துக்கு மாற்கு வைக்கும் பெயர் 'துனாமிஸ்', பலத்த செய்கை. யோவானில் 'செமெயோன்', அடையாளம். நம்மில் பலர் இதைக் கவனிக்காததற்கு நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். தண்ணீர் திராட்சரசமான கானாவூர்க் கல்யாணத்தில் 'முதலாம் அற்புதம்' என்று வருகிற அதே கிரேக்கச் சொல், மாற்கு 8-ல் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் கேட்கும்போது 'அடையாளம்' ஆகிவிடுகிறது. 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு கானாவிலும் 'அரும் அடையாளம்' என்றே போட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த அன்றுதான் எங்களுக்கு உறைத்தது: மாற்குவில் அடையாளம் கேட்டவர்களுக்கு இயேசு பெருமூச்சுவிட்டு மறுக்கிறார், யோவானிலோ அவர் செய்தவற்றுக்குப் பெயரே அடையாளம்தான்.

ஆனால் யோவான் பக்கம் என்னைச் சாய்த்தது அற்புதம் முடிந்த பிறகு அவர் கொடுக்கும் இடம். பிறவிக் குருடன் வரும் 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மொத்தம் 41 வசனம். உமிழ்நீரால் சேறு உண்டாக்கிப் பூசியது, சீலோவாம் குளத்தில் கழுவியது, பார்வை வந்தது எல்லாம் இரண்டே வசனத்தில் முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி விசாரணை. பெற்றோர் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்று பயந்து, "அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்குகிறார்கள். அவனோ முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான், பிறகு தீர்க்கதரிசி என்கிறான், பிறகு தேவனிடத்திலிருந்து வந்தவர் என்கிறான், துரத்தப்பட்டு வெளியே வந்தபின் பணிந்துகொள்கிறான். கண் திறந்தது ஒரு நொடியில், அவர் யார் என்று பார்க்க முழு அதிகாரமும் ஆகிறது. அடையாளம் என்றால் என்னவென்று யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

ஐந்து அப்பத்தை இயேசு பெருங்கூட்டத்துக்குப் பெருகச் செய்ததும் இப்படித்தான். இயேசு உயிர்த்தெழுவதற்கு முன் நடந்தவற்றில் நான்கு சுவிசேஷங்களிலும் வரும் ஒரே அற்புதம் இது. யோவானில் 12 கூடை மீந்ததோடு விஷயம் முடியவில்லை. மறுநாள் தேடி வந்த கூட்டத்திடம், நீங்கள் அடையாளத்தைக் கண்டதால் தேடவில்லை, வயிறு நிறைந்ததால் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அன்று எங்கள் கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் ஜெபத்தில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அப்பம்தானே.

மாற்குவிலும் இந்த உறுத்தல் இல்லாமலில்லை. பெத்சாயிதாக் குருடனுக்கு இரண்டு தடவை கை வைக்க வேண்டியிருக்கிறது, முதல் தடவை மனிதர்கள் நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள். அதற்குச் சற்று முன்புதான், இன்னும் உணராமலிருக்கிறீர்களா என்று சீஷர்களைக் கேட்டிருக்கிறார். ஆனால் மாற்கு விளக்க மாட்டார், நாமேதான் கோர்த்துப் பார்க்க வேண்டும். மாற்குவை நான் தனியாகத்தான் படித்திருக்கிறேன், ஒரு குழுவில் அது எப்படி வேலை செய்யும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த சுற்றில் அந்தப் பெத்சாயிதாக் குருடனிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.